மறுபடியும் ஒன்றிலிருந்து

என் தம்பியின் மனைவி என் வீட்டுக்கு வந்த அன்று, நடு அறையில் ஒரு பெரிய மெத்தை வாய் திறந்து கிடந்தது. பஞ்சு திணித்தாகிவிட்டது. வாயைத் தைத்து மூடும் வேலைதான் பாக்கி. வெளியே வானம் கருத்திருந்தது. ஈரம் ஏறிவிட்டால் பஞ்சு கட்டி தட்டிப்போகும் என்று நான் அவசர அவசரமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். ஒரே ஒரு துணிப்பையுடன் வாசலில் நின்றாள். இடது கண் இமை வீங்கி, கண் பாதிதான் திறந்திருந்தது.

"அண்ணி, உள்ள வரலாமா?"

"இதென்ன கேள்வி. வா."

பையை ஓரமாக வைத்தாள். மெத்தையின் மறுபக்கம் உட்கார்ந்து, இன்னொரு ஊசியை எடுத்து நூல் கோத்தாள். அவள் இதற்கு முன் மெத்தை தைத்தவள் இல்லை. நான் போடுவதைப் பார்த்தாள், அதேபோல் போட்டாள். இரண்டு பேருமாக மெத்தையின் வாயை மூடினோம். மூடி முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் இங்க வந்தது உங்க தம்பிக்குத் தெரியாது. தெரிஞ்சா வருவார். என்னைப் போகச் சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க அண்ணி. மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

"மூணு மணி பஸ் எங்க போகுது?"

"தெரியல. இருக்குன்னு மட்டும் பார்த்து வச்சேன்."

ரொட்டியைச் சுட்டு, முட்டை ஊற்றிக் கொடுத்தேன். வாயின் ஒரு பக்கமாகவே மென்று தின்றாள். எனக்கு அவளிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. என் தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். என் பெட்டியின் பூட்டை அவன் முதல்முதலாகக் கழற்றியபோது அவனுக்கு ஆறு வயது. "எப்படிடா திறந்தே?" என்று கேட்டதற்கு, "அது திறக்கணும்னுதான் இருந்துச்சு அக்கா" என்றான். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய், பூட்டுக் கடை வைத்து, இவளைக் கட்டிக்கொண்டான். ஆறு வருடத்தில் இவளை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அவன்தான் பேசினான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு கடை என் கைக்கு வந்தது. முன்னறையில் பஞ்சு அடிக்கும் இயந்திரம், நடு அறையில் தையல், பின்னறையில் சமையலும் படுக்கையும். பின்கதவைத் திறந்தால் குறுகிய சந்து. இயந்திரத்தை ஓட்டுபவருக்கு என் வீட்டுக்காரர் காலத்திலேயே 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஞ்சடிக்கும் இரைச்சலில் அவர் சொல்வது யாருக்கும் கேட்காது, அவருக்கும் கேட்காது. இருந்தாலும் காலை முதல் மாலை வரை பேசிக்கொண்டே இருப்பார். அவள் வந்த இரண்டாம் நாளே, "ஊசிக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருக்கே இந்தப் பொண்ணு" என்றார். அன்றிலிருந்து அவள் ஊசி.

அவளுக்கு ஒரு குணம் இருந்தது. வரிசையில் ஒரு தையல் கோணிப்போனால், அந்த ஒன்றை மட்டும் சரிசெய்ய மாட்டாள். வரிசை முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து போடுவாள்.

"யாருடி பார்க்கப் போறா இதை? மேல உறை வந்துடும்."

"படுக்கறவங்களுக்குத் தெரியும் அண்ணி."

"படுக்கறவன் தூங்குவானா, தையலை எண்ணுவானா?"

"தூக்கம் வராதவங்க எண்ணுவாங்க."

கண் வீக்கம் வடிந்த பிறகு அவளை வக்கீல் குமாஸ்தாவிடம் கூட்டிப்போனேன். முதுகுவலிக்காக எங்களிடம் கெட்டி மெத்தை வாங்கியவர் அவர். நகல் எடுக்கும் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. கட்டுக்கட்டாகக் காகிதம். அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா. உங்க புண்ணியத்துல நிமிர்ந்து நிக்கறேன் பாருங்க. வக்கீல் ஐயாதான் இன்னும் கூனிக்கிட்டு இருக்கார். அவருக்கும் ஒண்ணு தைச்சுக் கொடுங்க."

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. அவளிடம் சில கேள்விகள் கேட்டார். தாளில் குறித்துக்கொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இப்ப விவாகரத்து மனு போட முடியாதும்மா. தகுதி வரல."

"தகுதியா?" என்றாள் அவள். "நான் வாங்கின அடி போதாதா?"

"அது காரணம்மா. காரணம் வேற, தகுதி வேற. காரணம் உங்ககிட்ட வேணுங்கற அளவுக்கு இருக்கு. தகுதிதான் இல்ல."

விரலை மடக்கினார். "ஒண்ணு. மனு போடறதுக்கு முன்னாடி ஒரு முழு வருஷம் நீங்க இந்த மாநிலத்துல குடியிருந்திருக்கணும். நடுவுல வேற எங்கயாவது குடி போயிட்டா, போச்சு. திரும்பி வந்த அன்னிலேர்ந்து மறுபடி ஒண்ணுன்னு எண்ணணும். ரெண்டு. அந்த ஒரு வருஷமும் புருஷனும் பொண்டாட்டியும் பிரிஞ்சு இருந்திருக்கணும். ஒரே கூரைக்குக் கீழ ஒரு ராத்திரி தங்கினீங்கன்னா அதுவும் போச்சு. மறுபடி ஒண்ணு."

"பழைய ஊர்லயே போட்டா?" என்று நான் கேட்டேன்.

"அங்க சட்டம் வேற, இன்னைக்கே போடலாம். ஆனா ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்க போய் நிக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். "நான் இங்கயே எண்ணிக்கறேன் அண்ணி" என்றாள்.

கடைச் சுவரில் தினசரித் தாள் கிழிக்கும் காலண்டர் ஒன்று உண்டு. மறுநாள் காலையிலிருந்து தாள் கிழிக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். கிழித்த தாளைக் குப்பையில் போடவில்லை. நான்காய் மடித்து, பஞ்சு வைக்காத ஒரு தலையணை உறைக்குள் போட்டு வைத்தாள். நீதிமன்றத்தில் 'இங்கேதான் இருந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்' என்று கேட்டால் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவேன் என்றாள். ரேடியோ இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, "ஒரு வருஷம் ஆனா நல்லா உப்பிடும். ஆனா படுத்தா காதுக்குள்ள சரசரன்னு கேக்குமே!" என்றார். அவள் இங்கு வந்து சிரித்ததை நான் முதலில் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாம் மாதம் என் தம்பி வந்தான்.

சண்டை போடவில்லை. கதவைத் தட்டக்கூட இல்லை. எங்கள் தெருமுனையில், செருப்புக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே கிடந்த சிறு இடத்தை வாடகைக்குப் பிடித்து, சாவி செய்யும் எந்திரத்தைக் கொண்டுவந்து போட்டான். ஒரு பலகை. பலகை நிறைய ஆணிகள், ஆணிக்கு ஆணி சாவிகள். காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். பஸ் நிறுத்தத்துக்கோ மார்க்கெட்டுக்கோ போவதென்றால் அந்தச் சத்தத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஒரே வாரத்தில் தெருவுக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. வயதானவர்களுக்கு இலவசமாகத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டான். பள்ளிக்கூடத்து அலமாரியைத் திறந்து கொடுத்தான். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான்.

"அக்கா, சாப்பிட்டியா?"

எப்போது பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். சின்ன வயதிலிருந்தே அப்படி.

"எதுக்குடா இங்க வந்தே?"

"பொழைக்க வந்தேன். ஏன், இந்தத் தெரு உன் பேர்ல எழுதி வச்சிருக்கா?" என்று சிரித்தான்.

அவள் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினாள். நான் போய்வந்தேன். காவல் நிலையத்துக்கும் போனோம். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"இங்க வந்தப்புறம் அடிச்சாரா?"

"இல்ல."

"மிரட்டினாரா?"

"இல்ல."

"பேசினாரா?"

"போகும்போது வரும்போது பார்க்கறார்" என்றாள் அவள்.

"பார்க்கறதுக்கெல்லாம் கேஸ் போட்டா, அம்மா, ஊர்ல பாதிப் பேரை உள்ள தள்ளணும்." வெளியே வரும்போதுதான் கவனித்தேன். நிலையத்தின் முன்கதவில் புதுப்பூட்டு. அதில் இருந்த சிறு முத்திரை என் தம்பியுடையது.

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, கடைப் பூட்டில் சாவி நுழையவில்லை. உள்ளே தீக்குச்சி ஒடிந்து கிடந்தது. நாங்கள் பின்பக்கமாகச் சுற்றி வருவதற்குள், ரேடியோ ஓடிப்போய்ப் பக்கத்திலிருக்கும் பூட்டுக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். ரேடியோவுக்கு அவர்கள் இருவரின் கதை அரைகுறையாகத்தான் தெரியும். என் தம்பி ஒரு கம்பியை உள்ளே விட்டான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் பூட்டு திறந்துகொண்டது.

"இவ்ளோதான் அக்கா" என்றான். "இதை நம்பியா உள்ள தூங்கறீங்க?"

கூலி வாங்கவில்லை. என் பின்னால் நின்ற அவளைப் பார்க்கவும் இல்லை. போய்விட்டான். அன்று அவள் ஒரு வரிசையை ஏழு முறை பிரித்தாள்.

அதன்பின் பூட்டை நம்புவதில்லை என்று முடிவு செய்தோம். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் அடித்தோம். தச்சனைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நீளத் திருகாணி. தாழ்ப்பாளுக்கு வெளியிலிருந்து சாவி கிடையாது. அவள் தினமும் காலையில் தாளைக் கிழித்ததும் பின்கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். பிறகுதான் தேநீர்.

வெயில் காலம் வந்தது. பஞ்சு நன்றாக மலரும் காலம் அது. ஒரு நாளைக்கு மூன்று மெத்தைகூட முடித்தோம். புருவத்திலும் இமையிலும் பஞ்சு ஒட்டி, கண்ணாடியில் பார்த்தால் இருவரும் கிழவிகள். சாயங்காலம் உருளைக்கிழங்கை வேகவைத்து உப்பும் மிளகும் தூவித் தின்போம். பழைய மெத்தைகளைப் பிரித்து அடிக்கும்போது உள்ளே கிடைப்பவற்றை அவள் சொல்லச் சொல்லச் சிரித்திருக்கிறேன். பொய்ப்பல், காதல் கடிதம், ஒருமுறை ஒரு விசில். நாட்கள் ஓடின. தலையணை உறை உப்பியது. நாங்கள் இருவருமே கொஞ்சம் மறந்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் செய்த முதல் தவறை இங்கே எழுதுகிறேன்.

முந்நூற்றுப் பதினைந்தாம் நாள் என் தம்பியைப் பார்க்கப் போனேன். நல்லபடியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வளர்த்தவள் சொன்னால் கேட்பான் என்று மனதின் ஒரு மூலையில் இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சாப்பிட்டியா?"

"ஆச்சு. யாருக்குடா இந்தச் சாவி?"

"இன்னும் தெரியல. தேய்ச்சு வச்சா எதுக்காவது சேரும்."

"இங்க பாரு. இன்னும் அம்பது நாள்தான். அப்புறம் அவ மனு போட்டுடுவா. உனக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்ல. நீ இன்னொரு வாழ்க்கையைப் பார்த்துக்கோ. அதுவரைக்கும் என் கூரைக்குக் கீழ கால் வைக்காதே. நீ ஒரு ராத்திரி வந்து தங்கிட்டா அவ பாவம் மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும்."

அரம் நின்றது.

"அப்படியா சட்டம்?" என்றான். பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒன்றைக் கற்றவன்போல முகம். "ஒரே ராத்திரியா?"

நான் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது. சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? அவளிடம் இதைச் சொல்லவில்லை. அது என் இரண்டாவது தவறு.

ஒன்பது நாள் கழித்துப் புயல் வந்தது. மதியமே இருட்டிவிட்டது. ரேடியோ வீட்டுக்கு ஓடிவிட்டார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தெருமுனையில் சலூன் கூரை பறந்து, அவன் கடைமேல் விழுந்ததை நானே ஜன்னலில் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் முன்கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். நெற்றியிலிருந்து ரத்தம் மழையோடு கலந்து ஓட, கருவிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"அக்கா" என்றான். அவ்வளவுதான். அந்தக் குரல் என் இடுப்பில் உட்கார்ந்திருந்த காலத்துக் குரல்.

அவள் பின்னறை வாசலில் நின்றாள். "அண்ணி, வேண்டாம்" என்றாள்.

"ரத்தம் வருதுடி. கட்டுப் போட்டு அனுப்பிடறேன். மழை விட்டதும் போயிடுவான்."

"மழை விடாது அண்ணி."

நான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

மழை விடவில்லை. அவளைப் பின்னறையில் படுக்கவைத்து, இடையில் இருந்த கதவைச் சாத்தி, அதற்கு முட்டுக்கொடுத்துப் பஞ்சு மூட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் நான் சாய்ந்திருந்தேன். அவன் முன்னறையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்தான். ஒரு கட்டத்தில், மழை இரைச்சலில் வேறெதுவும் காதில் விழாத நேரத்தில், என் கண் அசந்துபோயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்தபோது விடிந்திருந்தது. மூட்டைகள் கொஞ்சம் நகர்ந்திருந்தன. நான்தான் புரண்டு தள்ளியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அவன் முன்னறையில் தலையில் கட்டோடு, சட்டையை உதறி மாட்டிக்கொண்டிருந்தான். அவளும் எழுந்து வந்திருந்தாள். காலண்டர்முன் நின்றாள்.

இங்கே வந்தபின் அவன் முதன்முறையாக அவளிடம் பேசினான். குரல் மிகவும் மென்மையாக இருந்தது.

"நேத்து ராத்திரி ஒரே கூரைக்குக் கீழதான் தூங்கினோம். குமாஸ்தாகிட்டச் சொல்லிடு. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணட்டும்."

கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி நடந்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்கவில்லை. நானே சொன்னேன். அன்று அவன் கடையில் நான் பேசியதை, ஒரு வார்த்தை விடாமல்.

"சரி அண்ணி" என்றாள். அழுதிருந்தால், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் குமாஸ்தாவிடம் போனோம். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அவர் வந்து தங்கினேன்னு சத்தியம் பண்ணுவார். பண்ணட்டும். வீட்டுக்காரம்மா நீங்க. தங்கல, கட்டுப் போட்டு அனுப்பிட்டேன்னு நீங்க சொன்னா, உங்க வார்த்தைதான் நிக்கும். கூடப் பிறந்தவங்களே தம்பிக்கு எதிரா சொல்றாங்கன்னா நீதிபதி நம்புவார்."

"சொல்றேன்" என்றேன்.

"அண்ணி" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. சொல்றேன் சார். எந்தப் புத்தகத்து மேல கை வைக்கச் சொன்னாலும் வைக்கறேன்."

திரும்பி வரும் வழியில் அவள் இன்னொன்று சொன்னாள். கடற்கரை ஊர் ஒன்றில், வேறு மாநிலம், பெரிய மருத்துவமனையில் படுக்கை விரிப்பு தைக்கும் பிரிவில் அவளுடைய பள்ளித் தோழி இருக்கிறாள். இடம் காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று எழுதியிருக்கிறாள்.

"போயிடட்டுமா அண்ணி?"

"போனா குடியிருந்தது எல்லாம் போச்சே. இத்தனை நாள் இருந்தது வீண். இன்னும் நாப்பது நாள்தாண்டி. கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். அப்புறம் கையில பேப்பரோட போ. நானே பஸ் ஏத்தி விடறேன்."

தெருமுனையில் கூரை பிய்ந்த கடைக்குள் உட்கார்ந்து அவன் துருப்பிடித்த பூட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னா இருக்கேன்" என்றாள்.

அது மூன்றாவது.

பிறகு வந்த நாட்கள் எப்போதும்போலவே போயின. காலையில் தாளைக் கிழித்தாள். பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். அது அசையாமல் நின்றது. தேநீர் குடித்தோம். நான் மட்டும் மனதுக்குள் இறக்கிக்கொண்டே வந்தேன். முப்பது, இருபத்தைந்து, இருபது. ஒருநாள் கடைக்கு வெளியே நின்று, "என்ன அக்கா, எத்தனை ஆச்சு?" என்று அவன் சாதாரணமாகக் கேட்டான். "நீ தங்கவே இல்லன்னு சொல்லப் போறேன்டா" என்றேன். ஆத்திரத்தில் சொன்னது. அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். "நீயா?" என்றான். 'சாப்பிட்டியா' என்று அன்று கேட்கவில்லை.

பத்து நாள் மீதி இருந்தது. மூன்று தெரு தள்ளி ஒரு மெத்தையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர் ஒருவரால் தூக்க முடியாது என்று நானும் கூடப் போனேன். பட்டப்பகல், பதினொன்றரை மணி. ரேடியோ முன்னறையில் இருந்தார். அவள் நடு அறையில் தைத்துக்கொண்டிருந்தாள். "தாழ்ப்பாள் போட்டிருக்கேன் அண்ணி, போயிட்டு வாங்க" என்றாள். திரும்பும்போது பேக்கரியில் இரண்டு பன் வாங்கினேன். ஒன்று அவளுக்கு.

முன்னறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"ஊசி அசந்துடுச்சு போல. டீ வேணுமான்னு ரெண்டு தடவை கத்திட்டேன், பதிலே இல்ல."

நடு அறையில் மெத்தை வாய் திறந்து கிடந்தது. பஞ்சு தரையெங்கும் சிதறியிருந்தது. அது வெள்ளையாக இல்லை. பின்கதவு அகலத் திறந்து சந்து தெரிந்தது. கதவோரம் இருந்த முக்காலியில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்திருந்தான்.

"அக்கா, சாப்பிட்டியா?" என்றான்.

எதை வைத்துச் செய்தான் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன். அவன் ஓடவில்லை. வந்தவர்களோடு எழுந்து போனான். பின்கதவை ஆராய்ந்தவர்தான் என்னைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் காட்டினார். நான்கு திருகாணிகளும் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் தலைகள் மட்டும்தான். தண்டை அறுத்துவிட்டு, தலையை மெழுகில் பதித்து ஒட்டியிருந்தான். உள்ளிருந்து இழுத்தால் பிடித்து நிற்கும். வெளியிலிருந்து தோளால் ஒரு தள்ளு போதும். இதை வீட்டுக்குள் இருந்து மட்டுமே செய்திருக்க முடியும் என்றார் அவர். எப்போது உள்ளே வந்தான் என்று கேட்டார்.

தங்கவில்லை என்று எந்தப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்லவிருந்தேனோ, பிறகு நீதிமன்றத்தில் அதன்மேலேயே கைவைத்து, தங்கினான் என்றேன். நான் கண் அசந்தேன் என்றும் சொன்னேன்.

அவளுக்குப் பெற்றோர் இல்லை. மருத்துவமனையில் உடலைக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். படிவத்தை நீட்டினாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"நாத்தனார்."

"புருஷனோட கூடப் பிறந்தவங்களா? விவாகரத்து ஏதாவது ஆகியிருந்ததா?"

"இல்ல."

"அப்ப நீங்க வாங்கிக்கலாம். தகுதி இருக்கு. இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பத்து நாள் கழித்து அவள் மனு போட்டு, அது முடிந்திருந்தால், அந்த ஜன்னலில் நான் யாரோ.

அடக்கம் செய்து வந்த பிறகு கடையைத் திறக்கவில்லை. ரேடியோ தினமும் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் அவள் படுக்கையைச் சுருட்டும்போது தலையணை உறை கையில் வந்தது. சரசரவென்றது. அதைப் பிரித்துத் தரையில் கொட்டினேன். மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தன. எத்தனை நாள் என்று அவளுக்காக ஒருமுறை முழுதாக எண்ணிப் பார்க்கலாம் என்று, ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கினேன்.

முந்நூற்று இருபத்து மூன்று தாள்கள் சரியாக இருந்தன. புயல் நாளின் தாள் இல்லை. எங்கு தேடியும் இல்லை. அதற்கு மறுநாள் தாளின் பின்பக்கம், மெத்தைத் துணியில் அளவு குறிக்கும் நீலப் பென்சிலால், சிறியதாக ஓர் எண் எழுதியிருந்தது. ஒன்று. அடுத்த தாளில் இரண்டு. அடுத்ததில் மூன்று.

நான் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம், அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வரிசையை முழுதாகப் பிரித்துவிட்டு முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைப் பொய் சொல்ல விடப்போவதில்லை என்று அன்றே முடிவு செய்திருக்கிறாள். எனக்கு அது தெரிந்திருந்தால், இன்னும் ஒரு முழு வருடம் என்று தெரிந்திருந்தால், மூன்று மணி பஸ்ஸில் நானே ஏற்றி விட்டிருப்பேன். அது எங்கே போனாலும் சரி.

கடைசித் தாளைத் திருப்பினேன். அன்று காலை தேநீருக்கு முன் கிழித்தது. பென்சிலை அழுத்தி, திருத்தமாக எழுதியிருந்தாள்.

முப்பத்தொன்று.